சுத்தம் செய்த பிறகும் மால்வேர் ஏன் திரும்பி வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேர்ட்பிரஸ் என்னும் தள மேலாண்மை மென்பொருளில் இயங்கும் உங்கள் நிறுவனத்தின் இணையதளம் இரண்டு மாதங்களில் மூன்று முறை மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஹோஸ்டிங் நிறுவனம் ஸ்கேன் செய்து, சில கோப்புகளை நீக்கி, தளம் சுத்தமாகிவிட்டது என்று சொல்கிறது. பத்து நாள் கழித்து, கைபேசியில் தளத்தைத் திறப்பவர்கள் மறுபடியும் ஏதோ ஒரு சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். நீங்கள் திறந்து பார்த்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. எச்டிடிபிஎஸ் பூட்டு இருந்தும் இப்படி ஆவது ஏன், எந்தப் பாதுகாப்புச் செருகுநிரலை (தளத்தோடு கூடுதலாக இணைக்கும் நிரல், பிளகின்) விலை கொடுத்து வாங்கினால் இது நிற்கும் என்பவை உங்கள் கேள்விகள். என் பார்வையில், நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: உள்ளே வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள்? சுத்தம் செய்த பிறகும் எங்கே தங்கியிருக்கிறார்கள்? இவ்விரண்டுக்கும் விடை காணாமல் எதை வாங்கிப் பொருத்தினாலும் நான்காம் முறையும் இதே கதைதான் நடக்கும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் சர்வர்களை நிர்வகிப்பதும், இப்படிக் கெட்டுப்போன தளங்களை மீட்டுக் கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். ஆனால் உங்கள் சர்வரின் லாக் பதிவுகளையோ (யார், எப்போது, எதைக் கேட்டார் என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு) கோப்புகளையோ நான் பார்க்கவில்லை. ஆகவே, எந்த வழியாக நுழைந்திருப்பார்கள் என்று நான் சொல்வதெல்லாம் ஊகம். நுழைந்தவர்கள் எங்கெங்கே ஒளிந்துகொள்வார்கள், அவர்களை முழுவதுமாக வெளியேற்ற என்ன செய்ய வேண்டும் என்பவை பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எச்டிடிபிஎஸ் விஷயத்தை உடனே முடித்துவிடலாம். பார்வையாளரின் உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி அது மறையாக்கம் செய்கிறது. அவ்வளவே அதன் வேலை. சர்வரில் இருக்கும் கோப்பு நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதில்லை. மால்வேர் கலந்த பக்கமும் அதே பூட்டுக் குறியோடு பத்திரமாகப் போய்ச் சேரும்.

நீங்கள் திறந்தால் மட்டும் ஒழுங்காகத் தெரிவதற்குக் காரணம், மால்வேர் ஆளைப் பார்த்து நடந்துகொள்வதுதான். வந்தவர் கைபேசியில் வருகிறாரா, கூகுள் தேடல் வழியாக வந்தாரா, இதே முகவரியிலிருந்து இன்று ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டாரா, வேர்ட்பிரஸ்ஸில் உள்நுழைந்த நிர்வாகியின் குக்கி (உள்நுழைந்ததற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் தகவல் துண்டு) அவரிடம் இருக்கிறதா என்று அந்த நிரல் சோதிக்கிறது. நிர்வாகி என்று தெரிந்தால் எதுவும் செய்யாது. தள உரிமையாளர் கண்ணில் படாமல் எத்தனை நாள் இருக்க முடியுமோ அத்தனை நாளும் அவர்களுக்கு வருமானம். ஆகவே சோதிக்கும்போது, உள்நுழையாத நிலையில், கைபேசியின் மொபைல் டேட்டாவில், தேடல் முடிவிலிருந்து சொடுக்கிப் பாருங்கள். தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பக்கத்தையும், நீங்கள் எழுதாத பக்கங்கள் உங்கள் தளத்தின் பெயரில் கூகுளின் தேடல் அட்டவணையில் ஏறியிருக்கின்றனவா என்பதையும் பார்ப்பது அவசியம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உங்களை யாரும் குறிவைத்திருக்கிறார்கள் என்று அஞ்ச வேண்டாம். உலகத்துத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேர்ட்பிரஸ்ஸில் இயங்குவதால், ஒரே ஓட்டையைத் தேடி லட்சக்கணக்கான தளங்களைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் நிறுவனத்தின் பெயர்கூடத் தெரியாது.

இனி, ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு வருகிறேன். வயலில் கோரையைக் கையால் பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். ஸ்கேனர் செய்யும் சுத்தமும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. தனக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவங்களை அது தேடுகிறது. பார்வையாளரைத் திசைதிருப்பும் நிரலைக் கண்டுபிடித்து நீக்குகிறது. ஆனால் அந்த நிரலை அங்கே எழுதிவைத்த பின்கதவு, அதாவது நுழைந்தவர் மீண்டும் வர விட்டுவைத்த ரகசிய வழி, வேறொரு கோப்பில், வேறொரு வடிவில் இருக்கிறது. ஒரு தளத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். தளத்தின் முக்கிய அமைப்புக் கோப்பைத் திறந்தால் முதல் வரி வெறுமையாகத் தெரிந்தது. கிடைமட்ட உருளைப் பட்டை மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருந்தது. வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், முந்நூறுக்கும் மேற்பட்ட வெற்றிடங்களைத் தாண்டி, ஒரே ஒரு கட்டளை இருந்தது: படங்களுக்கான அப்லோட்ஸ் கோப்புறைக்குள் ஃபேவ்ஐகான் என்ற பெயரில் கிடந்த ஓர் ‘ஐகோ’ கோப்பை எடுத்து இயக்கு என்பது. அந்தப் பாதையும் எழுத்தாக இல்லாமல் எண்குறிகளாக மாற்றி எழுதப்பட்டிருந்தது. ஐகோ என்பது படக் கோப்பு, அதில் என்ன இருக்கப்போகிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் உள்ளே, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் ஒரு நிரல். அந்தக் கோப்பின் தேதியோ மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது.

இந்தத் தேதி விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். லினக்ஸில் ஒரு கோப்புக்கு, உள்ளடக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் ஒன்று உண்டு. கோப்பின் நிலை கடைசியாக மாறிய நேரம் என்று இன்னொன்றும் உண்டு. முதலாவதை ஒரே கட்டளையால் எந்தத் தேதிக்கும் மாற்றிவிடலாம், மால்வேர் எழுதுபவர்கள் மாற்றவும் செய்கிறார்கள். கோப்பு மேலாளரில் நாம் பார்ப்பது அந்த முதலாவதைத்தான். இரண்டாவதைச் சாதாரண உரிமையோடு விரும்பியபடி மாற்ற முடியாது. ஆகவே ‘கடந்த ஒரு மாதத்தில் நிலை மாறிய பிஎச்பி கோப்புகள்’ என்று தேடினால், மூன்றாண்டுப் பழையதாக வேடமிட்ட கோப்பும் அகப்பட்டுவிடும். தளத்தை அண்மையில் வேறு சர்வருக்கு மாற்றியிருந்தாலோ காப்புப்பிரதியிலிருந்து மீட்டிருந்தாலோ எல்லாக் கோப்புகளுக்கும் அந்த நேரமே பதிவாகியிருக்கும். அப்போது இந்த வழி பயன்படாது.

கோப்புகள் மட்டுமே ஒளிவிடம் என்றும் எண்ண வேண்டாம். தரவுத்தளத்தில் பதிவுகளின் உள்ளேயோ விட்ஜெட் அமைப்புகளிலோ ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் கிடக்கலாம். வேர்ட்பிரஸ்ஸின் காலமுறைப் பணிப் பட்டியலில் ஒன்றும், சர்வரின் கிரான் பட்டியலில் (குறித்த நேரங்களில் சர்வர் தானே இயக்கும் கட்டளைகள்) ஒன்றுமாகப் பணிகள் சேர்க்கப்பட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை வெளியிலிருந்து நிரலை இறக்கி மீண்டும் எழுதிக்கொண்டிருக்கலாம். ‘யூசர்-இனி’ என்னும் சிறிய அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்து, எந்தப் பிஎச்பி கோப்பு இயங்கினாலும் அதற்கு முன் தன் நிரல் இயங்கும்படி செய்திருக்கலாம். ஒரு புதிய நிர்வாகிக் கணக்கைத் தொடங்கி, பயனர் பட்டியலில் அது தெரியாதபடி மறைப்பதும் உண்டு; பட்டியலின் தலைப்பில் நிர்வாகிகள் மூவர் என்றிருக்கும், கீழே இரண்டு பெயர்தான் வரும். தரவுத்தளத்தின் பயனர் அட்டவணையை நேரடியாகப் பார்த்தால் மூன்றாமவர் அகப்படுவார். எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது, நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் பிஎச்பி செயல்முறை. முகப்புக் கோப்பை நீங்கள் திருத்திச் சேமித்த அடுத்த நொடியே அது பழைய கெட்ட கோப்பை மீண்டும் எழுதிவிடும். அந்தச் செயல்முறையை முதலில் நிறுத்தாமல் கோப்புகளை எத்தனை முறை அழித்தாலும் வீண்வேலைதான்.

உங்கள் நிலையில் நான் முதலில் சந்தேகிப்பது இன்னொன்றை. ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வேறு தளங்களும் இருக்கின்றனவா? பழைய தளத்தின் நகல், யாரோ சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோன துணைத்தளம், ‘ஓல்டு’ என்றோ ‘டெஸ்ட்’ என்றோ பெயரிட்ட கோப்புறை? ஒரே கணக்கின் கீழ் இருக்கும் தளங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே லினக்ஸ் பயனரின் உரிமையில்தான் இயங்குகின்றன. ஒன்றுக்குள் நுழைந்தவர் மற்ற எல்லாவற்றின் கோப்புகளிலும் எழுத முடியும். முதன்மைத் தளத்தை மட்டும் சுத்தம் செய்தால், ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்காத அந்தச் சோதனைத் தளத்திலிருந்து மால்வேர் மறுபடி வந்து சேரும். சுத்தம் செய்த சில நாட்களில் திரும்பி வரும் தளங்களில் இந்தக் காரணத்தைத்தான் நான் மிக அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

அடுத்து, நுழைந்த வழி. வேர்ட்பிரஸ்ஸின் மூலநிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்படுவது அரிது. செருகுநிரல்களிலும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களிலும்தான் அவை பெரும்பாலும் கண்டறியப்படுகின்றன. ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானவுடன், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுகொள்வது தாக்குபவர்களுக்குக் கடினமன்று. அதாவது திருத்தம் வெளியாகும் நாளிலிருந்து, அதைப் போடாதவர்களின் ஆபத்து கூடுகிறது. இதற்கு எத்தனை அவகாசம் இருக்கிறது என்பதற்கு வேர்ட்பிரஸ்ஸைப் போன்ற ட்ரூபல் மென்பொருளில் 2014 அக்டோபரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அக்டோபர் 15 அன்று, ஓர் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டைக்கு (வெளியிலிருந்து வரும் தகவலோடு தரவுத்தளக் கட்டளையை நுழைக்க விடும் ஓட்டை)த் திருத்தம் வெளியானது. சில மணி நேரத்துக்குள் தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. இரண்டு வாரம் கழித்து ட்ரூபலின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிவிப்பில், முதல் 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ட்ரூபல் 7 தளங்கள் அனைத்தும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: நீங்கள் போடாமலேயே உங்கள் தளத்தில் திருத்தம் போடப்பட்டிருந்தால், அதுவே தாக்குதலுக்கு அறிகுறியாக இருக்கலாம். நுழைந்தவர்கள், தங்களுக்குப் பின் வேறு திருடர் வராதிருக்கத் தாங்களே கதவைப் பூட்டிக்கொண்டார்களாம்! இந்த நிகழ்ச்சியிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது ஒன்று உண்டு. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களைப் புதுப்பிப்பு வெளியேற்றாது. மூன்று முறையும் நீங்கள் எல்லாவற்றையும் புதுப்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது செய்ய வேண்டியதே, ஆனால் அது பூட்டை மாற்றுவது மட்டுமே.

பெரிய நிறுவனங்களும் இதில் விதிவிலக்கல்ல. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட ஒரு சர்வர் வழியாக மே மாதத்தில் ஈக்விஃபாக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்துக்குள் நுழைந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களைத் திருடினார்கள். அங்கே புதுப்பிக்கும் வழக்கமே இல்லை என்பதல்ல; அந்த மென்பொருள் எந்த இயந்திரத்தில் எல்லாம் இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்பது தெரியாதவர் எதைப் புதுப்பிப்பார்?

உங்கள் தளத்துக்கும் இதே கேள்விதான். செருகுநிரல் பட்டியலில் எல்லாம் புதிய பதிப்பு என்று இருப்பது மன நிறைவு தரலாம், ஆனால் அந்தப் பட்டியல் முழு உண்மையைச் சொல்வதில்லை. விலை கொடுத்து வாங்கும் தீம்கள் சில செருகுநிரல்களைத் தங்களுக்குள்ளேயே பொதிந்து தருகின்றன. அவற்றைப் புதுப்பிப்பது தீம் எழுதியவரின் பொறுப்பு, அவர் மறந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2014இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்னும் செருகுநிரலில் இருந்த ஓட்டை இப்படித்தான் பெருகியது. அது தங்கள் தளத்தில் இருப்பதையே அறியாத பலர் அதனால் பாதிக்கப்பட்டார்கள். அந்த டிசம்பரில் கூகுள் 11,000க்கும் மேற்பட்ட தளங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. செருகுநிரலை முடக்கி வைப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல என்பதும் இதோடு சேர்ந்தது. 2020 செப்டம்பரில், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர் செருகுநிரலில், மாதிரிக்காக வைக்கப்பட்டிருந்த ஒரு கோப்பை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் நேரடியாக அழைத்து, விரும்பிய கோப்பைச் சர்வரில் ஏற்ற முடிந்தது. நேரடியாக அழைக்கக்கூடிய கோப்பு சர்வரில் கிடக்கும்வரை, செருகுநிரலை முடக்கியிருக்கிறீர்களா இல்லையா என்பதை அது கேட்பதில்லை. வேண்டாதவற்றை முடக்காதீர்கள், அழித்துவிடுங்கள்.

எழுதியவர் கைவிட்ட செருகுநிரல்கள் மற்றொரு சிக்கல். வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து ஒரு செருகுநிரல் விலக்கப்பட்டால், அதற்குப் புதுப்பிப்பு வருவது நின்றுவிடும். புதுப்பிப்பு இல்லாததால் மேலாண்மைப் பக்கத்தில் அது புத்தம்புதியதைப் போலவே தோன்றும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு செருகுநிரலின் களஞ்சியப் பக்கத்தையும் திறந்து கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்வேன். கைமாறுவதும் உண்டு. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்னும் செருகுநிரல் ஏறத்தாழ 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதை வாங்கிய புதிய உரிமையாளர், புதுப்பிப்பு என்ற பெயரிலேயே பின்கதவைச் சேர்த்து அனுப்பினார். 2024 ஜூனில் பாலிஃபில் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சேவையிலும் இதுதான் நடந்தது: அந்தத் தள முகவரி அதே ஆண்டின் தொடக்கத்தில் விற்கப்பட்டிருந்தது, பிறகு அதை இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் கைபேசிப் பார்வையாளர்கள் வேறு பக்கங்களுக்குத் திருப்பப்பட்டார்கள். அந்தத் தளங்களின் சர்வர்களில் ஒரு கோப்புகூட மாறவில்லை. உங்கள் சர்வரில் எதுவுமே கிடைக்காவிட்டால், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, வெளித்தளங்களிலிருந்து என்னென்ன ஸ்கிரிப்ட்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விலைக்குரிய தீம் ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் ‘நல்டு’ பிரதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

ஓட்டையே இல்லாமலும் நுழையலாம், சாவி கையில் இருந்தால். 2009இல் கம்ப்ளர் என்னும் மால்வேர், தள நிர்வாகிகளின் சொந்தக் கணினிகளைத் தொற்றி, அவற்றில் இருந்த எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் முறை) கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே தளங்களில் நுழைந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் மால்வேர்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு உள்நுழைவுக் குக்கிகளையும் எடுத்துச் செல்கின்றன. குக்கி கையில் இருந்தால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் தாண்டிவிடலாம். எனவே கடவுச்சொற்களை மாற்றுவதற்கு முன், அவற்றை எந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றுகிறீர்கள் என்று யோசியுங்கள். நிர்வாகிக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கணினியும் சந்தேகத்துக்கு உட்பட்டதே. இது உங்கள் விஷயத்தில் நடந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் லாக்கில் தவறான முயற்சி எதுவும் இல்லாமல், அறியாத ஊரின் முகவரியிலிருந்து முதல் தடவையிலேயே வெற்றிகரமான உள்நுழைவு தெரிந்தால், என் சந்தேகம் இந்தப் பக்கமே சாயும்.

சரி, என்ன செய்வது? துடைப்பதை விட்டுவிட்டு, புதிதாகக் கட்டுங்கள். முதலில் லாக் பதிவுகளையும், கெட்டுப்போன தளத்தின் முழு நகலையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். பல ஹோஸ்டிங்குகளில் பழைய லாக்குகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும். தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். புதிய ஹோஸ்டிங் கணக்கு ஒன்றில், அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிய வேர்ட்பிரஸ்ஸையும், உண்மையிலேயே தேவைப்படும் செருகுநிரல்களையும், உரிமம் பெற்ற தீம் ஒன்றையும் நிறுவுங்கள். பழைய தளத்திலிருந்து பிஎச்பி கோப்பு ஒன்றுகூட வரக்கூடாது. அப்லோட்ஸ் கோப்புறையிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும், அவை உண்மையிலேயே படங்கள்தாமா என்று சோதித்து எடுத்து வாருங்கள். தரவுத்தளத்தைத்தான் கொண்டுவந்தே ஆக வேண்டும், ஆகவே அதிகக் கவனம் அங்கே தேவை: பயனர் அட்டவணை, காலமுறைப் பணிகள், தள முகவரி அமைப்பு, பதிவுகளுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் குறிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு வேர்ட்பிரஸ், தரவுத்தளம், ஹோஸ்டிங் பலகம், எஃப்டிபி, அந்தக் கணக்கோடு தொடர்புடைய மின்னஞ்சல் ஆகிய அனைத்துக்கும் கடவுச்சொல் மாற்றி, அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் புதிதாக்குங்கள். அது எல்லா உள்நுழைவுகளையும் ஒரே நேரத்தில் செல்லாததாக்கிவிடும். உங்களைப் போன்ற ஐம்பது அறுபது பக்கத் தளத்துக்கு இது ஒன்றிரண்டு நாள் வேலை. ஏற்கெனவே மூன்று முறை துடைத்ததில் இதைவிட அதிக நாள் செலவாகியிருக்கும்.

புதிய இடத்தில் சில அமைப்புகள் நிச்சயமாகப் பலன் தருபவை. அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஎச்பி இயங்காதபடி சர்வர் அமைப்பில் தடுத்துவிடுங்கள். படம் ஏற்றும் இடத்தில் நிரல் இயங்க வேண்டிய தேவை கிட்டத்தட்ட எந்தத் தளத்துக்கும் இல்லை, அந்த ஒரு தடுப்பு பல தாக்குதல்களைப் பாதியிலேயே நிறுத்திவிடும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்ற அனுமதிகள் (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) போதும். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம்) கொடுக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். மேலாண்மைப் பக்கத்திலிருந்தே கோப்புகளைத் திருத்தும் வசதியை முடக்குங்கள். எஃப்டிபியை விட்டு, மறையாக்கத்தோடு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள். நிர்வாகிகள் அனைவருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். செய்தி மட்டும் எழுதுபவருக்கு நிர்வாகி உரிமை வேண்டாம். பிஎச்பியின் பதிப்பையும் பாருங்கள்: 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே ஓடும் தளங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தானாகப் புதுப்பிக்கும் வசதி வேர்ட்பிரஸ் மூலநிரலின் சிறு பதிப்புகளுக்கு 2013இன் 3.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. செருகுநிரல்களுக்கும் அதை மேலாண்மைப் பக்கத்திலேயே இயக்கிக்கொள்ளும் வசதி 2020இல் 5.5 பதிப்போடு வந்தது. புதுப்பிப்பால் தளம் உடைந்துபோகுமோ என்று அதை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல, எப்போதாவது உடையும். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் போலப் புதுப்பிப்பே நஞ்சாக வருவதும் உண்டுதான். ஆனாலும், தினமும் உட்கார்ந்து கவனிக்க ஆள் இல்லாத சிறு தளத்துக்குத் தானியங்கிப் புதுப்பிப்பே நல்லது என்பது என் முடிவு. உடைந்த தளம் கண்ணுக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் காப்புப்பிரதியிலிருந்து மீட்டுவிடலாம். கைப்பற்றப்பட்ட தளம் மாதக்கணக்கில் தெரியாது. தொழில்முறை ஆள் ஒருவர் முழுநேரம் கவனிக்கும் பெரிய தளங்களுக்கு இதற்கு மாறான முடிவும் நியாயமானதே.

இதைச் சொல்லும்போது காப்புப்பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளம் இருக்கும் அதே சர்வரில் வைத்த காப்புப்பிரதி காப்புப்பிரதியே அல்ல; உள்ளே வந்தவரால் அதையும் அழிக்கவோ கெடுக்கவோ முடியும். சர்வரிடம் சாவி இல்லாத வேறோர் இடத்தில், குறைந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய நிலைவரை இருக்கும்படி வையுங்கள். ஏழு நாள் காப்புப்பிரதி மட்டும் வைத்திருந்தால், மால்வேர் நுழைந்து எட்டு நாள் ஆனபின் எல்லாப் பிரதிகளிலும் அதுவும் சேர்ந்தே இருக்கும். ஒரு முறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தாலொழிய அதை நம்பாதீர்கள்.

பாதுகாப்புச் செருகுநிரலை வாங்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அதனால் நிச்சயமாகக் கிடைப்பவை சில: கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டுவதை மட்டுப்படுத்துவது, மூலக் கோப்புகள் மாறினால் மின்னஞ்சலில் சொல்வது, அறியப்பட்ட ஓட்டையுள்ள செருகுநிரல் உங்களிடம் இருந்தால் எச்சரிப்பது. கடைசியாகச் சொன்ன ஒன்றுக்காகவே இலவசப் பதிப்பையாவது வைத்துக்கொள்ளலாம். ஐயத்துக்குரியது, நுழைந்தவர்களை அது கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கை. அந்தச் செருகுநிரலும் அதே வேர்ட்பிரஸ்ஸுக்குள், அதே உரிமையோடு இயங்குகிறது. உள்ளே வந்த மால்வேரும் அதே உரிமையோடு இயங்குவதால், அந்தச் செருகுநிரலை முடக்கவோ ஏமாற்றவோ மால்வேரால் முடியும். தளத்துக்கு முன்னால் தனியாக நிற்கும் ஃபயர்வால் சேவைகள் இந்த வகையில் மேலானவை. திருத்தம் வெளியாவதற்கும் நீங்கள் அதைப் போடுவதற்கும் இடைப்பட்ட மணி நேரங்களில், தெரிந்த தாக்குதல் வடிவங்களை அவை தடுக்கும். ஆனால் சர்வரின் உண்மையான ஐபி முகவரி வெளியே தெரிந்தால் அவற்றைச் சுற்றிக்கொண்டு நேராக வந்துவிடலாம். அதனால், அந்தச் சேவை வழியாக வராத இணைப்புகளைச் சர்வர் ஏற்காதபடி செய்ய வேண்டும். உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியை மாற்றுவது, வேர்ட்பிரஸ் பதிப்பெண்ணை மறைப்பது போன்ற தந்திரங்களைப் பற்றிக் கேட்டால், லாக்கில் இரைச்சல் குறையும் என்பதற்கு மேல் நான் உறுதி கூற மாட்டேன். தானியங்கி நிரல்கள் பதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாக்குவதில்லை, தாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகின்றன.

உங்கள் தளத்தில் விண்ணப்பப் படிவம் ஒன்றை யாரோ தனியாக எழுதிக் கொடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை ஒரு நிரலாளரிடம் காட்டி இரண்டே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். படிவத்தில் வருவதை எஸ்க்யூஎல் கட்டளையோடு நேரடியாக ஒட்டுகிறதா, அல்லது தயார்நிலைக் கட்டளை (ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்) வழியாகத் தனி மதிப்பாகக் கொடுக்கிறதா? கோப்பு ஏற்றும் இடத்தில், பெயரின் பின்னொட்டையும் கோப்பின் உண்மையான வகையையும் சர்வரே சோதிக்கிறதா, அல்லது உலாவியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட்டை நம்பிவிடுகிறதா? தனியாக எழுதிய நிரலின் ஓட்டை எந்த எச்சரிக்கைப் பட்டியலிலும் வராது. அந்தப் படிவத்தில் விண்ணப்பதாரர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்திருந்தால், அவை வெளியே போயிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அவர்களுக்கு அறிவிக்கும் சட்டக் கடமை உங்களுக்கு உண்டா என்பதைச் சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள், அது என் துறை அன்று.

புதிதாகக் கட்டிய பிறகும் முதல் ஆறு வாரம் கண்ணை எடுக்காதீர்கள். இரவுதோறும் பிஎச்பி கோப்புகளின் பட்டியலை முந்தைய நாளின் பட்டியலோடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை ஹோஸ்டிங் ஆளிடம் கேட்டு வாங்குங்கள், பத்து வரிக்கு மேல் இருக்காது. மறுபடி ஏதாவது முளைத்தால் உடனே அழிக்க வேண்டாம். அந்தக் கோப்பின் நிலை மாறிய நேரத்தை நிமிடம், நொடி வரை குறித்துக்கொண்டு, லாக்கில் அதே நொடியையும் அதற்கு முந்தைய சில நொடிகளையும் பாருங்கள். வழக்கமான பார்வையாளர்களின் கெட் வேண்டுகோள்களுக்கு (பக்கத்தைக் கேட்பவை) நடுவே, ஒரே முகவரியிலிருந்து ஒரு போஸ்ட் வேண்டுகோள் (சர்வருக்குத் தகவல் அனுப்புவது), ஒரு செருகுநிரல் கோப்பையோ உங்கள் விண்ணப்பப் படிவத்தையோ நோக்கி, 200 (வெற்றி) என்ற பதிலோடு இருக்கக்கூடும். இருந்தால், அதுதான் இத்தனை நாள் நீங்கள் தேடிய கதவு. அப்படி எதுவும் இல்லாமல் கோப்பு மட்டும் முளைத்திருந்தால், வந்தது வலைவழியாக அல்ல. எஃப்டிபி லாக்கையும், ஹோஸ்டிங் பலகத்தின் உள்நுழைவுப் பதிவையும், கிரான் பட்டியலையும் அடுத்துத் திறவுங்கள்.